சோளகம் குடித்த கார்

மகன் பழைய எம்ஜிபி ஒன்று வாங்கியிருக்கிறான். 1969இல் செய்த கார். அவனைவிட மூத்தது மட்டுமல்ல, என்னைவிடவும் ஒரு வயது மூத்தது. இரண்டு பேர் இருக்கலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. சனிக்கிழமை விடிந்தால் அதற்குக் கீழே படுத்துக் கிடப்பான். போன மாதம் ஒரு பெட்டி வந்தது. "அப்பா, ஏர் பில்டர் வந்திட்டுது. ஒருக்கா வந்து பிடியுங்கோ" என்று கூப்பிட்டான்.

பெட்டிக்குள் இரண்டு வட்டமான பில்டர்கள். பருத்தித் துணியை இரண்டு கம்பி வலைக்கு நடுவில் வைத்து, மடிப்பு மடிப்பாக மடித்து, சிவப்பு எண்ணெயில் தோய்த்திருந்தார்கள். காரோடு வந்த சாமான் இல்லை, வெளிக் கொம்பனி செய்து விற்பது. கே அண்ட் என் என்ற அந்த அமெரிக்கக் கொம்பனியை கென் ஜோன்சன், நோர்ம் மக்டொனால்ட் என்ற இரண்டு பேர் கலிபோர்னியாவில் தொடங்கியதும் 1969இல்தானாம். காரும் கொம்பனியும் ஒரே வயது என்பதில் மகனுக்கு ஒரு புளுகம்.

புதுப் பில்டரில் பெரிய மணமொன்றும் இல்லை. கழற்றிய பழைய கறுப்பு டப்பாவில்தான் மணம் இருந்தது. பெற்றோல் ஆவி, கருகின எண்ணெய், ஊறிப்போன தூசி மூன்றும் சேர்ந்த மணம். நான் டப்பாவை மூக்குக்குக் கிட்டப் பிடித்தபடி நின்றதைப் பார்த்து அவன் சிரித்தான். பெரியப்பாவின் காரை அவன் கண்டதில்லை. அதுக்கு என்ன மணம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பெரியப்பாவிடம் இருந்தது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ55, மார்க் 2. 1959இலிருந்து 1961 வரை இங்கிலாந்தில் செய்தவை. உடம்பை வடிவமைத்தது இத்தாலியின் பினின்பரீனா கொம்பனி. பின்பக்கம் இரண்டு செட்டை எழும்பி நிற்கும். எங்கள் ஊர் புளியங்கூடலில் பினின்பரீனாவை ஆரும் அறியார். 'செட்டைக் கார்' என்றால் ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை வரைக்கும் தெரியும்.

எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் அந்த நாளில் வீட்டுக்கு ஒருத்தராவது தெற்கே கடை வைத்திருந்தார். பெரியப்பாவின் கடை மாத்தறைப் பக்கம். வருசத்தில் இரண்டு மூன்று முறைதான் ஊருக்கு வருவார். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டாயம் வருவார். ஒருமுறை றெயிலில் வராமல் காரில் வந்து இறங்கினார். ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலத்தால் தீவுக்குள் நுழைந்து, ஒழுங்கைக்குள் கார் வந்தபோது இரண்டு பக்கத்துக் கிடுகு வேலியும் காரில் உரசியதாகப் பெரியம்மா சொல்லுவா. அப்போது நான் கைப்பிள்ளை. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் கார் ஊரோடு நின்றுவிட்டது, பெரியப்பா றெயிலில் போய் வரத் தொடங்கிவிட்டார்.

கார் அவருடையதுதான், ஆனால் ஊரே அதில் ஏறியது. மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்று வலி வந்தால் படலையில் தட்டும் சத்தம் கேட்கும். பெரியப்பா ஊரில் இல்லாத நாளில் சித்தப்பா சேட்டைப் போட்டபடியே திறப்போடு ஓடுவார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் ஏலாது என்றால் யாழ்ப்பாணம். காசு ஆரும் தருவதில்லை, கேட்பதும் இல்லை. அடுத்த கிழமை ஒரு கலன் பெற்றோலோ ஒரு குலை வாழைப்பழமோ வந்து சேரும். இன்று லண்டனில் எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்கு வெள்ளை றோல்ஸ் றோய்சும் மஞ்சள் லம்போகினியும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு வருகின்றன. படம் எடுத்து முடிந்ததும் சாரதி மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

எம்ஜிபியின் பொனற்றை மகன் முதன்முதல் திறந்த அன்று நான் அசந்துபோனேன். உள்ளே இருந்தது தெரிந்த எஞ்சின். காபரேற்றர் ஒரு பக்கம், டிஸ்ரிபியூற்றர் மறுபக்கம். காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. கேட்டால், பிரித்தானிய மோட்டார்க் கொம்பனியின் பி சீரிஸ் எஞ்சின் இரண்டுக்கும் பொது. கேம்பிறிட்ஜில் 1489 சிசி, எம்ஜிபியில் அதையே பெருப்பித்து 1798 சிசி. இந்தியாவில் பல பத்தாண்டுகள் ஓடிய அம்பாசடரின் பெற்றோல் எஞ்சினும் அதே 1489தான். கோயம்புத்தூர் வாடகைக் காரும், புளியங்கூடல் செட்டைக் காரும், இங்கிலாந்துப் பொடியன்கள் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறந்த விளையாட்டுக் காரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

காபரேற்றரும் அதே எஸ்யு. பெரியப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு இரண்டு. எஸ்யு என்பது ஸ்கின்னர் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது. அவர்களின் பரம்பரைத் தொழில் சப்பாத்துக் கடை. அவர்கள் முதலில் செய்த காபரேற்றருக்குள் தோலில் துருத்தி வைத்திருந்தார்களாம். சப்பாத்துக்காரன் வேறு எதில் செய்வான்?

ஏர் பில்டர் மட்டும் வேறு. குளிர் நாட்டுக் கார்களுக்குக் கடதாசிப் பில்டர் போதும். தூசி நாடுகளுக்கு அனுப்பிய கார்கள் பலவற்றில் எண்ணெய்த் தொட்டி வைத்த பில்டர் போட்டிருந்தார்கள். எங்களுடையதும் அப்படித்தான். பெரிய இரும்புச் சட்டி, அதன் அடியில் எண்ணெய், மேலே கம்பி வலை. காற்று விளிம்பால் கீழே இறங்கி, எண்ணெய்க்குக் கிட்டப் போனதும் சடாரென்று மேலே திரும்ப வேண்டும். காற்றுக்குத் திரும்பத் தெரியும், பாரமான தூசிக்குத் தெரியாது. அது நேரே எண்ணெய்க்குள் விழுந்துவிடும். தப்பியது கம்பி வலையில் ஒட்டும். வாங்கி மாற்ற ஒன்றுமில்லை. கழுவினால் புதிது.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவுவது என் வேலை. சோளகம் தொடங்கினால் ஒவ்வொரு கிழமையும் கழுவ வேண்டும், மற்றக் காலங்களில் நினைத்தபோது. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் தீவுக்கு ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போகும். இடையில் நிறுத்த மலை இல்லை, காடு இல்லை, பனைதான். தரவை காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஒழுங்கைகளில் போட்ட சுண்ணாம்புக்கல் அரைபட்டு வெள்ளைப் பொடியாக எழும்பும். கழுவிக் காயப்போட்ட வேட்டி மறுபடி கழுவக் கிடக்கும். சட்டியைத் திறந்தால் எண்ணெய் இருக்காது, களிதான். விரலை விட்டுப் பார்த்தால் அடியில் மணலாக நெருடும்.

"பாத்தியே மோனை, இது முழுக்க எஞ்சினுக்குள்ளை போயிருக்க வேணும்" என்பார் பெரியப்பா, ஊரில் நின்றால். பிஸ்டனும் சிலிண்டரும் இந்த மணலைப் போட்டு அரைத்தால் ஒரு வருசத்தில் எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிடும் என்று விளங்கப்படுத்துவார். களியைப் பனையடியில் கொட்டி, சட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி வலையை உதறிக் காயவைத்து, எஞ்சினிலிருந்து எடுத்துத் தெளியவைத்த பழைய எண்ணெயை அடையாளக் கோடு வரைக்கும் விடுவேன். புது எண்ணெய் விட்டால் வீண்செலவு என்று பேச்சு விழும். நட்டை இறுக்கும்போது கையால்தான் இறுக்க வேண்டும், ஸ்பானர் எடுத்தால் அதற்கும் பேச்சு.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறக்குறைய ஒன்பதாயிரம் லீற்றர் காற்று வேண்டும் என்பதை இங்கே வந்த பிறகுதான் படித்தேன். நிறைக்கு நிறை பார்த்தால் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. கார் பெற்றோலில் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்கிறோம். அது குடிப்பதில் பெரும்பங்கு காற்று. பெரியப்பாவின் கார் குடித்தது முழுக்கச் சோளகமும் வாடையும்.

காரைக் கழுவுவது அதைவிடப் பெரிய பாடு. வளவுக் கிணறு உவர். பண்ணைப் பாலத்தில் போய் வந்தால் இரண்டு பக்கக் கடலும் காரில் தெறித்திருக்கும், அந்த உப்பை உவர்த் தண்ணீரால் கழுவி என்ன பயன்? நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் குடத்துக்கு வரிசை நிற்கும் பெண்கள் பார்க்க, கார் கழுவ வாளியோடு போய் நிற்பதற்கு எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது மகனும் உப்போடுதான் மல்லுக்கட்டுகிறான். மாரியில் உறைபனிக்கு வீதியெல்லாம் மாநகரசபை உப்பைக் கொட்டுகிறது. எம்ஜிபியின் கதவுக்குக் கீழே உள்ள தகடுகள் அதனால் உக்கிப் போயிருக்கின்றன. உப்பில்லாத ஊரில் கார் வைத்திருக்க எங்கள் பரம்பரைக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1983 ஆடிக் கலவரத்தில் பெரியப்பாவின் கடை எரிந்தது. கப்பலில் வந்த சனத்தோடு அவரும் வந்து சேர்ந்தார், உடுத்த உடுப்போடு. பிறகு கடைப் பேச்சை அவர் எடுத்ததில்லை. சும்மா நின்ற கார் உழைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கலியாணத்துக்கும் யாழ்ப்பாணப் பயணத்துக்கும் வாடகை வாங்கினார். முதல் முறை வாங்கிய காசைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் கனநேரம் இருந்தார் என்று பெரியம்மா சொன்னா. ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு மட்டும் கடைசிவரை வாங்கவில்லை.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது கேம்பிறிட்ஜ் தீவில் இல்லை. கிளச் வேலைக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு கறாச்சில் விட்டிருந்தோம். கோட்டையைச் சுற்றி அடிபாடு, பண்ணைப் பாலம் பூட்டு. ஆவணியில் படை தீவுக்குள் இறங்கியது. இரவோடிரவாக நாங்கள் வள்ளத்தில் அராலிக்கு வந்து சேர்ந்தோம். பெரியம்மாவின் கையில் சாமிப்படம், பெரியப்பாவின் மடியில் கார்ப் புத்தகம். "கார் எங்களுக்கு முந்தி இடம்பெயர்ந்திட்டுது" என்றார். அந்த நேரத்தில் சிரிக்க வைத்த ஆள் அவர்.

கொண்டாவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கினோம். அப்புறம் வந்தது பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் எதுவும் உள்ளே வராது. மின்சாரம் இல்லை. கள்ளமாக வரும் பெற்றோல் மருந்து விற்கிற மாதிரிச் சின்னப் போத்தல்களில் விற்கும். மண்ணெண்ணெய் மட்டும் கூப்பனுக்கு அளந்து கிடைக்கும், விளக்குக்கென்று. அந்த மண்ணெண்ணெயில்தான் ஐந்து வருசம் யாழ்ப்பாணத்துக் கார்கள் ஓடின. மொறிஸ் மைனர், ஏ40, கேம்பிறிட்ஜ் எல்லாம் ஓடின. புது யப்பான் கார்கள் பல வீடுகளில் மூடிக் கட்டிக் கிடந்தபோது, கிழட்டு இங்கிலீசுக் கார்கள் வெள்ளைப் புகையோடு வீதியை ஆண்டன.

எங்கள் காரை மாற்றித் தந்த மெக்கானிக் அண்ணை தோட்டத்து இறைப்பு எஞ்சின் திருத்திப் பழகியவர். இறைப்பு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்குப் புதினமில்லை: பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மாற்றுவான். வெள்ளைக்காரனின் பெர்கியூசன் டிராக்டரிலும் ஒரு வகை அப்படித்தான் வந்தது, பெற்றோலுக்கு ஒரு சின்னத் தாங்கியும் மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெய்க்கு ஒரு பெரிய தாங்கியும் வைத்து. அண்ணை செய்ததும் அதே முறை. பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். அதிலே பெற்றோல். அங்கிருந்து ஒரு குழாய், தாங்கியிலிருந்து மண்ணெண்ணெய்க்கு ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒரு பித்தளைத் திருகி. நோயாளிக்குச் சேலைன் ஏற்றுகிற மாதிரித்தான் இருக்கும். பற்றறியில் சுற்றுகிற பலம் இல்லாததால் எஞ்சினைச் சுற்றி எழுப்புவது முன்னால் கொழுவும் இரும்புக் கம்பியால், அது என் வேலை.

மண்ணெண்ணெயின் சிக்கல் அது லேசில் ஆவியாகாது என்பது. ஆவியாகாமல் துளியாகவே சிலிண்டருக்குள் போனால் எரியாது. ஓரத்தால் வழிந்து கீழே எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். எரிகிறபோதும் நேரத்துக்கு முந்தி எரிந்து எஞ்சின் தட்டும். தட்டுகிற சத்தத்தைக் கேட்டு அண்ணை டிஸ்ரிபியூற்றரைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். பிறகு எஞ்சின் மண்டையைக் கழற்றி, ஒரு காஸ்கற் இருந்த இடத்தில் இரண்டைப் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார். இழுவை குறைந்தது, தட்டுவது நின்றது.

ஏர் பில்டருக்கு வந்தபோதுதான் பெரியப்பாவுக்கும் அவருக்கும் இழுபறி வந்தது.

"முதலாளி, இந்தச் சட்டி வேண்டாம். கழட்டுவம்."

"சட்டியைக் கழட்டினால் தூசி?"

"தூசியைப் பிறகு பாப்பம். இப்ப வேண்டியது சூடு. குளிர்காத்து வந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சைலன்சர் குழாய்க்கு மேலை தகரத்தாலை ஒரு கூடு செய்து, அங்கயிருந்து சூட்டுக் காத்தை இழுத்துக் குடுப்பம்."

கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று வந்தது. பிஸ்கற் தகரத்தை வெட்டி, புகைக்குழாயைச் சுற்றி ஒரு கூடு. அதிலிருந்து காபரேற்றர் வாய்க்கு ஒரு தகரக் குழல். கூட்டின் வாயில் மாச் சீலையை நாலாக மடித்துக் கட்டி, அதில் கொஞ்சம் எண்ணெய் தடவினார்கள். பழைய சட்டியைத் துணியில் சுற்றிப் பெரியப்பா கட்டிலுக்குக் கீழே வைத்தார், நல்ல காலம் வந்தால் போட. உள்ளே எடுக்கும் குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் இருந்ததால்தான் இந்த வேலை லேசாக முடிந்தது. விளையாட்டுக் கார் செய்கிறவர்கள் அந்த அமைப்பைக் குறைசொல்வார்கள். புகைக்குழாயின் வெக்கை காபரேற்றரில் அடிக்கிறதாம். எங்களுக்கு அந்த வெக்கைதான் சோறு போட்டது.

மகனின் பில்டரைப் பூட்டும்போது இது அடிக்கடி நினைவுக்கு வந்தது. அவன் காபரேற்றருக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் உள்ள வெக்கைத் தகட்டைப் பிரித்தெடுத்து, மினுக்கி, மறுபடி கவனமாகப் போட்டான். குளிர்ந்த காற்று இறுக்கமானது, அதில் ஒட்சிசன் கூட, குளிர்ந்த காற்று போனால் பலம் கூடும் என்று எனக்கு வகுப்பெடுத்தான். அவன் சொன்னது சரிதான். ஒரே எஞ்சின், நாங்கள் அதற்குச் சுடுகாற்றுத் தேடி அலைந்தோம், இவன் குளிர்காற்றுத் தேடுகிறான்.

பூட்டுகிற வேலை பார்வைக்கு நாலு போல்ட் விவகாரம். ஆனால் எஸ்யு காபரேற்றரின் வாயோரத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் உண்டு. உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனுக்கு அடியில் காற்றுப் போவது அவற்றால். வெளிச்சாமான் பில்டருக்கு வரும் காஸ்கற்றைத் தலைகீழாகப் போட்டால் அந்த ஓட்டைகள் அடைபட்டுப் போகும். பிஸ்டன் ஒழுங்காக எழும்பாது, கார் ஏன் இழுக்கவில்லை என்று ஆறு மாதம் மண்டையைப் போட்டு உடைக்கலாம். இன்னொன்று, காரோடு வந்த பழைய டப்பாவுக்குள் வாய் அகன்ற சின்னக் குழல் ஒன்று ஒளிந்திருக்கிறது. காற்று விளிம்பில் முட்டிக் குழம்பாமல் வழுவிப் போக அதைச் செய்திருக்கிறார்கள். பில்டரை மாற்றுகிற பலர் டப்பாவோடு சேர்த்து அதையும் எறிந்துவிடுகிறார்கள். பிறகு அந்தக் குழலையே தனியாக வேறு கொம்பனியிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இவனும் வாங்கி வைத்திருந்தான். என்னைக் கேட்டால், எம்ஜிபியைச் செய்த அபிங்டன் தொழிற்சாலையில் அந்த டப்பாவைக் காரோடு சேர்த்து அனுப்பியவர்கள் ஒன்றும் மொக்கர்கள் இல்லை. வெறும் பில்டரை மாற்றிக் கூடுகிற பலம் கொஞ்சம், கூடுகிற சத்தம் அதிகம். ஆனால் என்னை ஆரும் கேட்கவில்லை.

காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும், அதற்கு எஸ்யுவுக்குள் இருக்கும் ஊசியை மாற்ற வேண்டும், அல்லது கீழே உள்ள நட்டைத் திருகிச் சரிபார்க்க வேண்டும். இவன் புகைக்குழாயில் ஒரு சென்சரைப் பூட்டி வைத்திருக்கிறான். போனில் இலக்கம் ஓடுகிறது. 13, 14, 15 என்று ஏறி இறங்குகிறது. 14.7ஐச் சுற்றி நின்றால் சந்தோசம். மெக்கானிக் அண்ணையிடம் போன் இல்லை, மின்சாரமே இல்லை. பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் காற்றுக் கூட, கறுப்புப் படிந்திருந்தால் எண்ணெய் கூட, தேத்தண்ணி நிறமென்றால் சரி. நானும் இவனைக் கேட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தேத்தண்ணி நிறம்தான். போனிலும் 14.6 காட்டியது.

1995 ஐப்பசி 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கேம்பிறிட்ஜில் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் ஏற்றினோம். பெரியப்பா ஓட்டினார். நான் பக்கத்தில் நடந்தேன், நடக்கிற வேகத்துக்கு மேல் கார் போகவில்லை. செம்மணியால், நாவற்குழியால், மழைக்குள்ளே, இலட்சக்கணக்கான சனத்தோடு சனமாக. மண்ணெண்ணெய்க் கார் நின்றால் மறுபடி எழும்ப பெற்றோல் வேண்டும், சேலைன் போத்தலில் மிச்சம் கொஞ்சம்தான். அதனால் அவர் எஞ்சினை அணைக்கவே இல்லை. விடிய விடிய அந்தப் பழைய எஞ்சின் தள்ளாடித் தள்ளாடி நின்றுகொண்டே ஓடியது. பின் சீற்றில் இருந்த ஒரு ஆச்சி, "தம்பி, உதை ஒருக்கா நிப்பாட்டன், புகை கண்ணைக் கரிக்குது" என்று கேட்டபடியே வந்தா.

தென்மராட்சியில் மட்டுவில் பக்கம் ஒரு வளவில் காரை விட்டோம். அடுத்த வருசம் பெரியப்பா சைக்கிளில் வலிகாமம் திரும்பினார், நான் கொழும்பு வந்து பிறகு இங்கே. 2000இல் சாவகச்சேரி தரைமட்டமான சண்டையில் அந்த வளவும் போனது, காரும் போனது. செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது பெரியப்பா காரைப் பற்றி ஒரு வசனம், அங்கேயிருந்த மாமரத்தைப் பற்றி நாலு வசனம் சொன்னார்.

சண்டை முடிந்து சில வருசங்களின் பின் ஊருக்குப் போனேன். பண்ணைப் பாலம் அகலமாகியிருந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் 'பாதை' என்கிற மிதவையில் அப்போதும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு சனம் கடலைக் கடந்துகொண்டிருந்தது. புளியங்கூடலில் பல வீடுகளுக்குக் கூரை இல்லை, சில வீடுகள் புதிதாக மாபிளோடு எழும்பியிருந்தன. அம்மன் கோயில் திருவிழாவுக்கு கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வந்தவர்கள் குளிரூட்டிய வான்களில் வந்து இறங்கினார்கள். எங்கள் வானும் கண்ணாடி ஏற்றிய வான்தான். சாரதிப் பொடியன் சோளகம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளிருக்கிற எங்களுக்கென்றே அந்த வானில் தனியாக ஒரு பில்டர் இருக்கிறது. நான் கண்ணாடியை இறக்கினேன். "அண்ணை, ஏசி போட்டிருக்கு" என்றான்.

பெரியப்பாவின் மகன், என் மச்சான்மாரைவிட எனக்கு நெருக்கமான அண்ணன், இப்போது ஊரோடு திரும்பி வந்திருக்கிறார். ஓட்டோ வைத்திருக்கிறார். 2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனபோது அடிக்கடி பேசினோம். ஓட்டோவுக்குக் கியூஆர் அட்டையில் கிழமைக்கு ஐந்து லீற்றர். பெற்றோல் செட்டில் வரிசை நின்று நின்று அலுத்த ஊர்ப் பொடியன்கள், தொண்ணூறுகளில் எப்படி ஓடினீர்கள் என்று அவரைச் சுற்றி வந்து கேட்டார்களாம். அவர் சேலைன் போத்தல், திருகி, தகரக்கூடு எல்லாம் மண்ணில் கீறிக் காட்டியிருக்கிறார். அவர்களும் ஆர்வமாகக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே எகிறலில் 340 ஆனது, பெற்றோல் 450. "காபரேற்றர் உள்ளது என்ரை ஓட்டோ ஒண்டுதான். உவங்கடை காருகளுக்கு காபரேற்றரே இல்லை, எல்லாம் கொம்பியூற்றர். மண்ணெண்ணெயைக் காட்டினால் அது லைற்றைப் போட்டிட்டு நிண்டிடும்" என்று சிரித்தார்.

போன ஞாயிறு மகனின் பில்டர் கதையை அவருக்குச் சொன்னேன். விலையைக் கேட்டார். சொன்னேன். ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏன்ரா தம்பி, லண்டனிலை அவ்வளவு தூசியே?"

"தூசி எங்கை? எந்நாளும் மழைதானே."

"பிறகென்னத்துக்கு உவன் பில்டர் மாத்துறான்?"

நான் போனை மகனின் கையில் கொடுத்தேன். உன்ரை பெரியப்பாவுக்கு விளக்கம் சொல்லடா என்றேன். அவன் வெக்கைத் தகட்டில் தொடங்கினான். குளிர்காற்று, ஒட்சிசன், ஊசி, 14.7 என்று தமிழும் இங்கிலீசுமாக எல்லாம் சொல்லி முடித்தான். பிறகு போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்து ஒருக்கா உறுமிக் காட்டினான்.

"ஓ, சத்தத்துக்கே" என்றார் அண்ணன். "அதை முதலே சொல்லியிருக்கலாம்."